ஆக்டிவா, பாஸிவா? மேனேஜர் ஒன்று சொல்கிறார், கைடு இன்னொன்று சொல்கிறார்

ஒரே வாரத்தில் மூன்று பேர் சுற்றிச் சுற்றி இதே கேள்விக்கு வந்து நின்றார்கள். முதல் ஆள் ஐடி கம்பெனியில் வேலை பார்ப்பவர், கிளையண்டுக்குப் போகும் மெயிலில் பாஸிவ் வாய்ஸே (செயப்பாட்டுவினையே) கூடாது என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டாராம். இரண்டாமவர் பிஎச்டி மாணவி. அவருக்கு நேர் எதிர்: தீசிஸில் "வி" (நாங்கள்) என்று எழுதிய இடமெல்லாம் கைடு சிவப்பு மையில் சுழித்து, பாஸிவாக மாற்றிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். மூன்றாமவர் ஐஈஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலத் தேர்வு எழுதப் போகிறார், கோச்சிங் சென்டரில் பாஸிவ் நிறையப் போடு என்கிறார்கள், அதையே வேர்டில் டைப் செய்தால் கீழே கோடு போட்டுக் காட்டுகிறது. யார் சொல்வது சரி?

மூன்று பேர் சொல்வதும் அவரவர் இடத்தில் சரி. எந்த இடத்தில் எது என்பதைத்தான் நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பள்ளியில் "ராமா கில்ட் ராவணா" என்பதை "ராவணா வாஸ் கில்ட் பை ராமா" என்று மாற்றச் சொன்னார்கள், மாற்றினோம், மார்க் வாங்கினோம். இரண்டும் ஒரே அர்த்தம் என்று நம்பிக்கொண்டு வெளியே வந்துவிட்டோம். ராமன் அப்புறம் என்ன செய்தான் என்று சொல்லிக்கொண்டு போகிற கதையில் முதல் வாக்கியம் வரும். இலங்கை வேந்தனுக்கு என்ன ஆனது என்று சொல்லுகிற கதையில் இரண்டாவது வரும். கதை வேறு, அதனால் வாக்கியமும் வேறு.

(ஆங்கில உதாரணங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன், வாய்விட்டுப் படித்தால் பிடிபடும். அப்புறம், ஆக்டிவ் வாய்ஸுக்குத் தமிழில் செய்வினை என்று பெயர். செய்வினை என்றதும் எலுமிச்சம்பழமும் குங்குமமும் ஞாபகம் வருகிறவர்களுக்கு: இது அந்தச் செய்வினை இல்லை.)

## முதலில், எது பாஸிவ்?

"வாஸ்" வந்தாலே பாஸிவ் என்று நினைப்பவர்கள் நிறைய. "ஷி வாஸ் ஸ்லீப்பிங்" பாஸிவ் இல்லை. "தேர் வேர் மெனி எரர்ஸ்" என்பதும் இல்லை. இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடப்படும் ஓர் எழுத்துநடைக் கையேட்டில், பாஸிவைத் தவிர்ப்பது எப்படி என்று காட்டுகிற நான்கு உதாரணங்களில் மூன்று பாஸிவே இல்லை என்று மொழியியலாளர் ஜெஃப்ரி புல்லம் 2009இல் போட்டு உடைத்தார்.

இலக்கணப்படி "பி" குடும்பத்து வினை (இஸ், ஆர், வாஸ், வேர், பீன்) ஒன்றும், அதற்குப் பின்னால் வினையின் மூன்றாம் வடிவமும் சேர்ந்து, செயலுக்கு ஆளானது எழுவாயாக நின்றால் அது பாஸிவ். இணையத்தில் ஒரு வேடிக்கையான சோதனை சுற்றிக்கொண்டிருக்கிறது: வினைக்குப் பின்னால் "பை ஸோம்பீஸ்" என்று ஒட்டிப் பாருங்கள். "தி ரிப்போர்ட் வாஸ் ரிட்டன் பை ஸோம்பீஸ்" ஒட்டுகிறது, ஆகவே பாஸிவ். "தி மேனேஜர் ரோட் தி ரிப்போர்ட் பை ஸோம்பீஸ்" ஒட்டவில்லை. நூற்றுக்கு நூறு சரியான சோதனை இல்லை, ஆனால் ஆபீஸ் மெயிலுக்குப் போதும்.

## எதை வைத்து முடிவு செய்வது

நான் பார்ப்பது ஐந்து விஷயம். செய்தவர் யார் என்பது வாசகருக்கு வேண்டுமா? முந்தைய வாக்கியம் எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது, அதே பொருள் இந்த வாக்கியத்தின் முதல் இருக்கையிலும் உட்கார வேண்டுமா? (ஐந்தில் கனமானது இதுதான், எந்த மென்பொருளும் இதைக் கவனிப்பதில்லை.) பொறுப்பு யார் தலையில் விழ வேண்டும், அதைச் சொல்லாமல் விட்டால் யாருக்கு நஷ்டம்? அந்தத் துறையின் வழக்கம் என்ன? கடைசியாக, இந்த வடிவத்தில் எழுதினால் நான் இலக்கணத்தில் சறுக்க எவ்வளவு வாய்ப்பு?

ஆக்டிவ், பாஸிவ் என்று இரண்டே வழி இருப்பதாகப் பள்ளிக்கூடம் சொன்னது. நடைமுறையில் நான்கு இருக்கின்றன.

## வழி 1: ஆக்டிவ், செய்தவர் முன்னால்

"வி மிஸ்ட் தி டெட்லைன்." நாலே வார்த்தை. இதையே "தி டெட்லைன் வாஸ் மிஸ்ட் பை அஸ்" என்றால் ஆறு, அதுவும் காது கூசுகிறது. யார் என்ன செய்தார் என்பது உடனே தெரிய வேண்டிய இடங்களில் இதற்கு மாற்றே கிடையாது. ரெஸ்யூமேயில் "பில்ட்", "லெட்", "ரெட்யூஸ்ட்" என்று வினையில் தொடங்குங்கள். "வாஸ் இன்வால்வ்ட் இன்" என்று எழுதியிருந்தால், படிக்கிற எச்ஆருக்கு இவர் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தவர் என்றுதான் தோன்றும். செய்முறைக் குறிப்புகளுக்கும் இதுதான்: "பிரஸ் தி ரெட் பட்டன்" என்பதை "தி ரெட் பட்டன் ஷுட் பி பிரஸ்ட்" என்றால், நான் அழுத்த வேண்டுமா அல்லது ஏற்கெனவே அழுத்தப்பட்டிருக்க வேண்டுமா என்று ஒருவர் யோசித்து நிற்பார்.

ஆக்டிவுக்குப் பெரிய ஆதரவாளர்கள் உண்டு. பாஸிவைத் தவிர்க்க முடிந்த இடத்தில் எல்லாம் தவிர் என்று ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் விதியாகவே எழுதினார். அமெரிக்க அரசு அலுவலகங்கள் எளிய ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று 2010இல் சட்டமே வந்தது, அங்குள்ள வழிகாட்டுதல்களும் ஆக்டிவைத்தான் பரிந்துரைக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், அந்த விதியைச் சொல்கிற கட்டுரையின் முதல் வாக்கியத்திலேயே ஆர்வெல் "இட் இஸ் ஜெனரலி அஸ்யூம்ட்" என்று பாஸிவ் போட்டிருக்கிறார்! அவரைக் குறை சொல்லவில்லை. விதிகளைப் பிடித்துக்கொண்டு அசிங்கமாக எழுதுவதைவிட அவற்றை மீறு என்றும் அதே பட்டியலின் கடைசியில் அவரே எழுதினார். நம் மேனேஜர்கள் அந்தக் கடைசி வரிவரை வருவதில்லை.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று, தன்னைப் பற்றி எழுதும்போது ஒவ்வொரு வாக்கியமும் "ஐ" என்று ஆரம்பித்துப் பெருமையடிப்பது போல ஆகிவிடும். இரண்டாவது, அடுத்தவர் தவறைச் சொல்லும்போது முகத்தில் அடித்தது போல இருக்கும். கிளையண்டுக்கு "யூ டிட் நாட் அட்டாச் தி ஃபைல்" என்று அனுப்பிப் பாருங்கள், பதில் எந்த வெப்பநிலையில் வருகிறது என்று தெரியும். "தி ஃபைல் வாஸ் நாட் அட்டாச்ட்" என்றால் யார் மனமும் நோகாது, ஃபைலும் வந்துவிடும்.

இதற்கும் மேல், எழுவாய் கிடைக்காத இடத்தில் வலிந்து ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்துவது. பைக் திருடு போனால் "மை பைக் வாஸ் ஸ்டோலன்" தான். "சம்படி ஸ்டோல் மை பைக்" என்றும் சொல்லலாம், ஆனால் அந்த "சம்படி" யாருக்கும் எந்தத் தகவலும் தருவதில்லை.

## வழி 2: பாஸிவ், "பை" இல்லாமல்

பள்ளிப் பயிற்சியில் பாஸிவ் என்றால் கடைசியில் "பை" கட்டாயம். எழுத்தில் புழங்குகிற பாஸிவ்களில் பெரும்பாலானவற்றில் அது கிடையாது. செய்தவரை விட்டுவிடலாம் என்கிற வசதிக்காகத்தான் பெரும்பாலும் பாஸிவுக்கே போகிறோம்.

இதன் நிஜமான பலம் ஆளை மறைப்பதில் இல்லை, பேசுபொருளை நகராமல் பிடித்து வைப்பதில். பாம்பன் பாலத்தைப் பற்றி எழுதுகிறீர்கள். "தி பாம்பன் பிரிட்ஜ் வாஸ் ஓப்பன்ட் இன் 1914. இட் வாஸ் டாமேஜ்ட் இன் தி 1964 சைக்ளோன். இட் வாஸ் ரிப்பேர்ட் சூன் ஆஃப்டர்." மூன்று வாக்கியத்திலும் பாலம் முதல் இருக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை, வாசகரும் பாலத்தின் மேலேயே நடந்து போகிறார். இதையே ஆக்டிவாக்கிப் பாருங்கள்: முதலில் யாரோ திறக்கிறார்கள், அடுத்து புயல் வருகிறது, அப்புறம் இன்ஜினியர்கள் வருகிறார்கள், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு புது ஆள். இலக்கணத்தில் தவறே இல்லை, ஆனால் படிக்கிறவர் பஸ்ஸுக்கு பஸ் மாறிக்கொண்டே இருக்க வேண்டும்.

செயல்முறையை விவரிக்கும்போதும் இதுதான் இயல்பு. நீலகிரியில் தேயிலை எப்படித் தயாராகிறது என்று எழுதினால் "தி லீவ்ஸ் ஆர் பிளக்ட், விதர்ட், ரோல்ட், ஆக்ஸிடைஸ்ட் அண்ட் டிரைட்." பறித்தது யார், உருட்டியது எந்த மெஷின் என்பது அங்கே கேள்வியே இல்லை. ஐஈஎல்டிஎஸ் முதல் டாஸ்க்கில் செயல்முறைப் படம் வந்தால் பாஸிவ் இல்லாமல் எழுதவே முடியாது. கோச்சிங் சென்டர் சொன்னது அந்த அளவுக்குச் சரி.

சரி, செலவு? பொறுப்பு நழுவிப் போவது. 1987இல் அமெரிக்க அதிபர் ரீகன், ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரத்தைப் பற்றி நாடாளுமன்றத்தில் பேசும்போது "சீரியஸ் மிஸ்டேக்ஸ் வேர் மேட்" என்றார். தவறுகள் நடந்தன, செய்தவர்தான் வாக்கியத்தில் இல்லை. அவருக்கு நூறு வருடத்துக்கு முன்பே, 1876இல், அதிபர் கிராண்டும் "மிஸ்டேக்ஸ் ஹாவ் பீன் மேட்" என்று எழுதிவிட்டார், ஆனால் அடுத்த மூச்சிலேயே அதை நான் ஒப்புக்கொள்கிறேன் என்றும் சேர்த்துக்கொண்டார். அந்தச் சிறிய "ஐ அட்மிட்" இருந்ததால் அது மன்னிப்புக்குக் கொஞ்சம் பக்கத்திலாவது வருகிறது.

நம் அளவில் இது மீட்டிங் மினிட்ஸில் நடக்கிறது. "தி ரிப்போர்ட் வில் பி சப்மிட்டட் பை ஃப்ரைடே" என்று எழுதிவிட்டு எல்லோரும் நிம்மதியாகக் கலைந்து போகிறோம். அந்த வாக்கியத்தில் "பை" க்குப் பின்னால் இருப்பது வெள்ளிக்கிழமை மட்டும்தான். வெள்ளிக்கிழமை வரும், ரிப்போர்ட் வராது. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் இப்படி எழுதிய ஒரு வேலை ஐந்து வெள்ளிக்கிழமைகளைத் தாண்டியது, ஒவ்வொரு வாரமும் அதை அதே பாஸிவில் எழுதிக்கொண்டிருந்தது நான்தான்.

இன்னொரு சின்னப் பொறி: "ஆஃப்டர் ரீடிங் தி மெயில், தி லேப்டாப் வாஸ் ஷட் டவுன்." மெயிலைப் படித்தது லேப்டாப் ஆகிவிட்டது. வாக்கியத்தின் முன்பாதியில் ஒரு செயல் இருந்தால், பின்பாதியில் அதைச் செய்தவர் எழுவாயாக வர வேண்டும். அங்கே பாஸிவ் போட்டால் இப்படித்தான் ஆள் மாறிவிடும்.

## வழி 3: பாஸிவ், "பை" யோடு

நான்கில் குறைவாகத் தேவைப்படுவது இது. செய்தவரைக் கடைசியில் வைத்து அழுத்த வேண்டும் என்றால் மட்டும். தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றி ஒரு பத்தி எழுதிவிட்டு "இட் வாஸ் பில்ட் பை ராஜராஜா தி ஃபர்ஸ்ட்" என்று முடித்தால் பேர் கடைசியில் வந்து கனமாக உட்காரும். செய்தவரைக் குறிக்கும் தொடர் ரொம்ப நீளமாக இருந்தாலும் அதைக் கடைசிக்குத் தள்ளுவது நல்லது. மற்றபடி "தி மெயில் வாஸ் சென்ட் பை மீ" வகையறாவை எழுதாதீர்கள். செய்தவரைச் சொல்லப் போகிறோம் என்றால் முன்னாலேயே சொல்லிவிடலாமே.

## வழி 4: ஆக்டிவ்தான், ஆனால் ஆளே இல்லை

"அன் எரர் அக்கர்ட்." "தி பார்சல் அரைவ்ட் லேட்." "தி கிளாஸ் ப்ரோக்." மூன்றும் சுத்தமான ஆக்டிவ். வேர்ட் கோடு போடாது, மேனேஜரும் எதுவும் சொல்ல மாட்டார். ஆனால் செய்தவர் எங்கே? பாஸிவிலாவது "பை ஹூம்" என்று கேட்க ஓர் இடம் காலியாக இருக்கும், இதில் அந்த நாற்காலியே கிடையாது. ஆளை மறைப்பது பாஸிவின் தனிக் குற்றம் என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

தமிழர்களான நமக்கு இது புதிதா என்ன. "கண்ணாடி உடைஞ்சிடுச்சு" என்று சொல்லத் தெரியாத குழந்தை உண்டா? "உடைச்சிட்டேன்" என்பதற்கும் அதற்கும் நடுவில் இருக்கிற தூரம் ஒரு அடி வாங்குகிற தூரம். தமிழில் உடைந்தது, உடைத்தது என்று தனித்தனி வடிவம் இருக்கிறது, ஆங்கிலத்தில் "ப்ரோக்" ஒன்றே இரண்டுக்கும் போதும்.

நடுநிலையாகச் செய்தி சொல்ல இந்த வழி நன்றாகவே உதவும். மன்னிப்புக் கடிதத்தில் மட்டும் வேண்டாம், பணம் கட்டிய வாடிக்கையாளருக்கு "அன் இஷ்யூ அக்கர்ட்" என்று எழுதினால் எரிச்சல் கூடத்தான் செய்யும்.

இந்த வினைகளோடு வரும் ஒரு பெரிய வழுக்கலையும் சொல்லிவிடுகிறேன். "ஹேப்பன்", "அக்கர்", "அரைவ்", "டிஸப்பியர்" போன்றவை செயப்படுபொருள் ஏற்காதவை, ஆகவே அவற்றுக்குப் பாஸிவே கிடையாது. "தி ஆக்ஸிடென்ட் வாஸ் ஹேப்பன்ட்" என்று நம்மவர்கள் எழுதுவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! பாஸிவ் என்றால் மரியாதையான ஆங்கிலம் என்கிற எண்ணத்தில் கண்ட இடத்தில் "வாஸ்" சேர்ப்பதால் வருவது.

## நம் தமிழ் குறுக்கே வரும் இடம்

இதை எந்த ஆங்கிலக் கையேட்டிலும் நான் பார்க்கவில்லை, நமக்கு அதிகம் தேவைப்படுவதோ இதுதான். பேச்சுத் தமிழில் நாம் செயப்பாட்டுவினையை அநேகமாகத் தொடுவதே இல்லை. "சம்பளம் போட்டாச்சு." "லிஸ்ட்ல பேர் சேர்த்துட்டாங்க." "வரச் சொன்னாங்க." யார் போட்டது, யார் சேர்த்தது என்பதைச் சொல்லாமலே செய்வினையில் பேசிவிட முடிகிறது, ஏனென்றால் தமிழ் எழுவாயை விட்டுவிட அனுமதிக்கிறது. ஆங்கிலம் அனுமதிக்காது. அதனால் அப்படியே பெயர்த்தால் "தே ஹாவ் கிரெடிட்டட் மை சேலரி" என்று எங்கிருந்தோ ஒரு "தே" வந்து நிற்கும், படிப்பவர் யார் அந்தத் "தே" என்று மேலே தேடுவார். அங்கே இயல்பான ஆங்கிலம் "மை சேலரி ஹாஸ் பீன் கிரெடிட்டட்." அதாவது நம் ஆளில்லாத செய்வினை, ஆங்கிலத்தில் "பை" இல்லாத பாஸிவ் ஆகிவிடுகிறது. மேனேஜர் பேச்சைக் கேட்டு இதையும் ஆக்டிவாக்கினால் தமிழ்வாடை அடிக்கும்.

எதிர்த்திசையிலும் ஒரு போக்குவரத்து இருக்கிறது. "பொதுமக்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்கிற அறிவிப்புத் தமிழில் "யூ ஆர் ரிக்வெஸ்டட் டு" என்கிற ஆபீஸ் ஆங்கிலத்தின் நெடி அடிக்கிறது. அந்த ஆங்கிலம் நம் ஊர் அரசு அலுவலகங்களில் இன்னும் மரியாதையின் அடையாளம், "தி சேம் மே கைண்ட்லி பி கன்சிடர்ட்" என்று எழுதினால்தான் மேலதிகாரிக்குப் பணிவாகப் படுகிறது. அங்கே அப்படியே எழுதுங்கள், சீர்திருத்தம் செய்ய உங்கள் லீவு லெட்டர் சரியான இடம் இல்லை. ஆனால் வெளிநாட்டுக் கிளையண்டுக்கு "யூ ஆர் ரிக்வெஸ்டட் டு ஷேர் தி லாக்ஸ்" என்று போனால் சுவரில் ஒட்டிய நோட்டீஸ் மாதிரி இருக்கும். "குட் யூ ஷேர் தி லாக்ஸ்?" போதும்.

## எந்த இடத்தில் எது

| இடம் | என் தேர்வு | மாற்றி எழுதினால் என்ன ஆகும் |
|---|---|---|
| ரெஸ்யூமே | ஆக்டிவ், "ஐ" இல்லாமல் வினையில் தொடக்கம் | செய்தவர் நீங்கள்தானா என்ற சந்தேகம் |
| நம் தவறுக்கு மன்னிப்பு | ஆக்டிவ், "வி" யோடு | நழுவுவது போலத் தெரியும் |
| அவர்கள் தவறைச் சுட்டுவது | "பை" இல்லாத பாஸிவ் | சண்டை |
| மீட்டிங் மினிட்ஸ், யார் என்ன செய்வது | ஆக்டிவ், பெயரோடு | வெள்ளிக்கிழமைகள் மட்டும் வரும் |
| ஆய்வில் செய்முறைப் பகுதி | "பை" இல்லாத பாஸிவ் | எல்லா வாக்கியமும் "வி" என்று தொடங்கும் |
| ஆய்வில் நம் வாதம் | ஆக்டிவ் | யார் கருத்து என்று தெரியாது |
| அரசு அலுவலக விண்ணப்பம் | பாஸிவ், வழக்கப்படி | பணிவில்லை என்று நினைக்கலாம் |
| செய்முறைக் குறிப்பு | ஆக்டிவ், கட்டளை வடிவில் | யார் செய்ய வேண்டும் என்ற குழப்பம் |

## அந்த மூன்று பேருக்கு

மெயில் எழுதுகிறவருக்கு: மேனேஜர் சொல்வது நம் தவறுகளுக்கும் நம் வாக்குறுதிகளுக்கும் நூறு சதவீதம் சரி. கிளையண்டின் தவறைச் சொல்லும் ஒற்றை வாக்கியத்தில் மட்டும் பாஸிவை வைத்துக்கொள்ளுங்கள், அதை அவர் கவனிக்கவும் மாட்டார்.

பிஎச்டி மாணவிக்கு: விஞ்ஞானத்தில் "வி" கூடாது என்பது எழுதப்படாத சட்டம் மாதிரி நம் பல்கலைக்கழகங்களில் உலவுகிறது. டிஎன்ஏவின் அமைப்பைச் சொல்லி 1953இல் வாட்ஸனும் கிரிக்கும் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை "வி விஷ் டு சஜஸ்ட்" என்றுதான் தொடங்குகிறது. இன்றைக்கு நேச்சர் குழும இதழ்களே ஆக்டிவை விரும்புவதாகத் தங்கள் குறிப்புகளில் சொல்கின்றன. ஆனால் இதையெல்லாம் அச்சடித்துக் கைடின் மேஜையில் கொண்டுபோய் வைக்காதீர்கள். தீசிஸ் அவர் கையெழுத்தில்தான் வெளியே போகும், அதை அவர் சொன்னபடி பாஸிவில் முடியுங்கள். ஜர்னலுக்கு அனுப்பும்போது அந்த ஜர்னலின் குறிப்பைப் பார்த்து, "தி சாம்பிள்ஸ் வேர் ஹீட்டட்" வகை வாக்கியங்களை அப்படியே விட்டு, "இட் இஸ் கன்க்ளூடட் தட்" வரும் இடங்களை மட்டும் "வி கன்க்ளூட்" ஆக்கினால் ஒரு மாலை வேலைதான்.

ஐஈஎல்டிஎஸ்காரருக்கு: செயல்முறைப் படத்துக்குப் பாஸிவ், கிராஃபுக்குப் பெரும்பாலும் ஆக்டிவ் ("சேல்ஸ் ரோஸ்", "சேல்ஸ் வேர் ரைஸன்" இல்லை, ரைஸுக்கும் பாஸிவ் கிடையாது). கட்டுரை டாஸ்க்கில் "இட் இஸ் பிலீவ்ட் தட்" என்று ஒரு தடவை எழுதினால் போதும், பத்திக்குப் பத்தி அதுவே வந்தால் மனப்பாடம் செய்தது என்று திருத்துகிறவருக்குத் தெரிந்துவிடும். வேர்டின் கோட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், செட்டிங்ஸில் அதை அணைத்துவிடலாம். அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள்: பழைய மெயில்களில் "வாஸ் ஹேப்பன்ட்" என்று தேடிப் பாருங்கள். நான் தேடினேன். என்னுடையது நான்கு கிடைத்தது, அதில் ஒன்று வேலை கேட்டுப் போட்ட விண்ணப்பம்.